கேதார்கந்தா பனிமலை: மார்கழிக் கடைசியில் பாதை எப்படி இருக்கும்?

கல்லடிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் இரண்டு கூட்டாளிகளும் வருகிற மார்கழி (டிசெம்பர்) 26 அளவில் இந்தியாவின் உத்தரகாண்டில் இருக்கிற கேதார்கந்தா மலைக்குப் போக யோசித்திருக்கிறோம். மூன்று பேருக்கும் இருபத்தைந்து, இருபத்தாறு வயது. மூன்று பேருமே இதுவரை பனியைக் கண்ணால் கண்டதில்லை. நாங்கள் அறிந்த பெரிய குளிர் என்றால் சிவனொளிபாதமலை உச்சியில் விடிய நாலு மணிக்கு நடுங்கிக்கொண்டு நின்றதுதான்.

நடப்பதற்குப் பயமில்லை. உகந்தையிலிருந்து குமண, யால காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு இரண்டு முறை பாதயாத்திரை போயிருக்கிறோம், கச்சான் காற்று அனலாய் அடிக்கிற காலத்தில், தண்ணீர்ப் போத்தலும் அரிசியும் சுமந்துகொண்டு. குடும்பிமலையும் ஏறியிருக்கிறோம், ஆனால் அது 500 மீற்றரைச் சற்றுத் தாண்டுகிற மலை. கேதார்கந்தா 3,810 மீற்றர் என்கிறார்கள். நம் நாட்டின் உயரமான மலை பிதுருதலாகலவே 2,524 மீற்றர்தான், அதுதான் யோசனையாக இருக்கிறது.

வீடியோக்களில் பார்த்தால் வெயில் அடிக்கிறது, எல்லோரும் சிரித்துக்கொண்டு போகிறார்கள், சிலர் சாதாரண ஓடும் சப்பாத்தோடு போகிறார்கள். என் கூட்டாளி ஒருவன் ஒரு தடித்த ஜக்கெட் இருந்தால் காணும், நடக்கும்போது உடம்பு தானாகச் சூடாகிவிடும் என்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை. உண்மையிலேயே பாதை எப்படி இருக்கும்? சப்பாத்து எது வேண்டும்? வழிகாட்டி இல்லாமல் மூன்று பேராகவே போகலாமா? போய்வந்தவர்கள் யாராவது இருந்தால் விளக்கமாகச் சொல்லுங்கள். அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறா, அவவுக்குச் சொல்லவும் எனக்கு ஒரு பதில் வேண்டும்.

மருதமுனையான்:

தம்பி, இரண்டு வருஷத்துக்கு முதல் தை மாதம் போய்வந்தேன். தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், நீளமாக இருந்தாலும் பொறுமையாக வாசியுங்கள்.

டேராடூனிலிருந்து சாங்க்ரி என்ற கிராமத்துக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர்தான், ஆனால் மலைப்பாதை என்பதால் ஒன்பது, பத்து மணித்தியாலம் பிடிக்கும். சாங்க்ரியே ஏறத்தாழ 1,950 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடைசியாகப் பணம் எடுக்க நம்பக்கூடிய இடம் வழியில் வருகிற புரோலா, அதற்குப் பிறகு கைக்காசுதான். அந்த மலை கோவிந்த் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறை அனுமதி வேண்டும், கடவுச்சீட்டுப் பிரதிகள் நாலைந்து கையில் வைத்திருங்கள்.

முதல் நாள் பைன் மரக்காட்டுக்குள்ளால் ஏறி ஜூடா கா தாலாப் என்ற குளத்தடிக்குப் போவோம், அது 2,700 மீற்றருக்கு மேலே. நான் போனபோது குளம் முழுக்க உறைந்து கிடந்தது. இரண்டாம் நாள் 3,400 மீற்றர் அளவில் உள்ள முகாம். மூன்றாம் நாள் விடிய இரண்டு, மூன்று மணிக்கு எழும்பித் தலைவிளக்கோடு உச்சிக்கு. சூரியன் ஏழு மணிக்குப் பிறகுதான் வரும். உச்சியில் நின்றால் சுவர்க்காரோகிணியும் பந்தர்பூஞ்சும் நேரே முன்னால் நிற்கும், அதைப் பார்த்த நிமிஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இப்போது பாதைக்கு வருகிறேன். நீங்கள் கேட்ட மார்கழிக் கடைசிதான் அந்த மலையில் சனம் ஆகக் கூடுகிற நேரம், நத்தார் விடுமுறையும் புதுவருஷமும் சேர்ந்து வரும். நூற்றுக்கணக்கான பேர் மிதித்த பனி அமுங்கி, பகல் வெயிலில் மேலால் கொஞ்சம் உருகி, இரவில் திரும்ப உறைந்து, காலையில் கண்ணாடித் தட்டுப்போலக் கிடக்கும். ஓடும் சப்பாத்தோடு அதில் கால் வைத்தால் நிற்கவே முடியாது. ஏறும்போது எப்படியோ சமாளித்துவிடலாம். இறங்கும்போதுதான் வேலை காட்டும். எங்களோடு வந்த ஒரு பெடியன், நல்ல பலசாலி, உச்சியிலிருந்து இறங்கும்போது சறுக்கி இருபது, முப்பது அடி போய்த்தான் நின்றான். கீழே மென்மையான பனி இருந்தபடியால் மணிக்கட்டு வீக்கத்தோடு தப்பினான். அவனுடைய மைக்ரோஸ்பைக் முழுநேரமும் பைக்குள்ளேயே இருந்தது, நின்று மாட்டப் பஞ்சிப்பட்டு அப்படியே இறங்கினவன். மைக்ரோஸ்பைக் என்றால் சப்பாத்துக்கு மேலால் இழுத்து மாட்டுகிற றப்பரும் சங்கிலியும், அடியில் சின்னச் சின்ன இரும்புப் பற்கள். சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கணுக்காலை மூடி முழங்காலுக்குக் கீழே கட்டுகிற கெயிட்டரும் எடுங்கள், இல்லாவிட்டால் சப்பாத்துக்குள் பனி போய் உருகி, சொக்ஸ் நனைந்து, பின்னேரம் விரல்கள் மரத்துப்போகும்.

ஜக்கெட், கெயிட்டர், கோல் எதையும் இங்கே தேடிக் காசைக் கொட்ட வேண்டாம், டேராடூனிலும் சாங்க்ரியிலும் வாடகைக்கு இருக்கிறது. சப்பாத்து மட்டும் சொந்தமாக வாங்குங்கள், கணுக்கால் வரை உயர்ந்தது, தண்ணீர் புகாதது, தடித்த சொக்ஸ் போட்டுப் பார்த்து அரை அளவு பெரிதாக. வாங்கிய கையோடு கல்லடிப் பாலத்திலும் கடற்கரை மணலிலும் ஒரு மாதம் அதோடு நடந்து பழகுங்கள். புதுச் சப்பாத்தோடு போய் இரண்டாம் நாளே குதிக்காலில் கொப்புளம் வந்து திரும்பிய ஆள் ஒருவரை நான் கண்டேன், அவ்வளவு தூரம் வந்து அப்படித் திரும்புவது பெரிய கவலை.

இன்னும் சில. இரவில் தண்ணீர்ப் போத்தலைத் தலைகீழாக வைக்க வேண்டும், ஐஸ் மேலேதான் முதலில் பிடிக்கும் என்பதால் காலையில் மூடிப்பக்கம் உறையாமல் இருக்கும். போன், தலைவிளக்கு பட்டரி, அடுத்த நாள் போடுகிற சொக்ஸ் எல்லாம் படுக்கும் பைக்குள் உங்களோடு படுக்க வேண்டும். என் போன் 40 வீதம் காட்டிக்கொண்டே உச்சியில் செத்துப்போனது. எங்களுக்கு முகாமில் இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே ஒன்பது வரை போனது, காற்று அடித்தால் அதுவும் கணக்கில்லை.

வழிகாட்டி இல்லாமல் போக வேண்டாம். இதில் நான் ஒரு அங்குலமும் இறங்கமாட்டேன். புதுப்பனி கொட்டினால் பாதை மூடிப்போகும், காட்டுக்குள் எல்லாத் திசையும் ஒன்றாகத்தான் தெரியும்.

குருக்கள்மடம் சுவிஸ்:

மருதமுனையான் நானா சொன்னது அத்தனையும் சரி. நான் கேதார்கந்தா போனதில்லை. ஆனால் சுவிஸுக்கு வந்து பதினொரு வருஷம், ஒவ்வொரு குளிர்காலமும் மலை நடை போகிறேன், அந்த அனுபவத்தில் ஒன்றிரண்டு சேர்க்கிறேன்.

நம் மொழியில் பனி என்று ஒரே சொல்தான். மார்கழியில் வாவிக்கரைப் புல்லில் விழுகிறதும் பனி, இமயமலையில் கிடக்கிறதும் பனி. நடக்கிறவனுக்கு அது நாலைந்து வேறு வேறு பொருள். இரவு கொட்டிய பொடிப்பனி மாவுபோல இருக்கும், கால் புதையும், களைக்கும், ஆனால் அவ்வளவாகச் சறுக்காது. வெயிலில் உருகி இரவில் உறைந்தது மேலே ஓடுபோல இருக்கும், சிலவேளை தாங்கும், சிலவேளை உடைந்து முழங்கால் வரை இறங்கும். மிதிபட்டு இறுகினது வெறும் ஐஸ். பின்னேரம் வெயில் பட்டது சோறு வடித்த கஞ்சிபோலக் குழைந்து கிடக்கும். ஒரே பாதை காலையில் ஒன்று, மதியம் இன்னொன்று. அதனால்தான் எல்லோரும் இருட்டில் கிளம்பி மதியத்துக்கு முன் இறங்கிவிடப் பார்க்கிறார்கள். உதயம் பார்க்கிறது ஒரு காரணம், கால் வைக்க உறுதியான பனி கிடைக்கிறது இன்னொரு காரணம். வழிகாட்டியிடம் இத்தனை மணிக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம் என்று ஒரு நேரத்தை முதலே பேசிவையுங்கள், பேசினால் அதைக் காப்பாற்றுங்கள்.

அடுத்தது உங்கள் கூட்டாளியின் தடித்த ஜக்கெட். அவர் சொல்கிற அந்தச் சூடுதான் எனக்குப் பயம். கதிர்காமப் பாதையில் வியர்த்தால் காற்றுப் பட்டு உடம்பு ஆறும், அது நல்லது. மலையிலும் வியர்வை அதே வேலையைத்தான் செய்யும், ஆனால் நீங்கள் நின்ற பிறகும் செய்துகொண்டே இருக்கும். நனைந்த பருத்தி ரீசேர்ட்டோடு பத்து நிமிஷம் நின்றால் உடம்புச் சூடு எங்கே போனது என்று தெரியாது. பருத்தி வேண்டவே வேண்டாம், உள்ளே ஒட்டிப்போடுவதும் சரி, சொக்ஸும் சரி. உடம்போடு பொலியெஸ்டர் அல்லது மெரினோ கம்பளி, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற பஞ்சுபோன்ற சூட்டுச் சட்டை, அதற்கு மேல் காற்றும் ஈரமும் புகாத மெல்லிய ஜக்கெட். அந்தத் தடித்த இறகு ஜக்கெட் பைக்குள் இருக்கட்டும், நிற்கும்போது போடுவதற்கு. நடக்கத் தொடங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும். வியர்க்கப் போகிறது என்று தெரிந்தவுடனே ஒன்றைக் கழற்றுங்கள், நின்றவுடனே போடுங்கள். சலிப்பான வேலைதான், நான் இன்றைக்கும் ஒரு நடையில் ஏழெட்டுத் தடவை செய்கிறேன்.

கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகாதீர்கள். புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். நடுப்பகலில் தோணியில் இருக்கிற மீன்பிடிகாரருக்குத் தண்ணீர் கண்ணில் அடிக்கும் அல்லவா, அதைவிட இது பல மடங்கு. அந்த நேரம் ஒன்றும் தெரியாது, இரவில்தான் கண்ணுக்குள் மண் விழுந்ததுபோல எரியும். மூக்குக்குக் கீழேயும் நாடிக்குக் கீழேயும் கிரீம் பூசுங்கள், வெளிச்சம் கீழேயிருந்தும் வரும்.

பனிச்சரிவு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீங்கள் போகிற வழமையான பாதை பெரும்பாலும் காடும் மலைமுதுகும் என்பதால் ஆபத்துக் குறைவு. ஆனால் 30 பாகைக்கு மேல் சாய்ந்த சரிவு, பெரிய பனி கொட்டிய அடுத்த ஓரிரு நாள், காற்று பனியை ஒரு பக்கமாக அள்ளிக் குவித்திருப்பது, இவை சேர்ந்தால் அந்தப் பக்கம் போகக்கூடாது. இங்கே டாவோஸில் இருக்கிற பனிச்சரிவு ஆய்வு நிலையம் குளிர்காலத்தில் ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஐந்து மணிக்கு அறிக்கை விடும், ஒன்றிலிருந்து ஐந்து வரை ஆபத்து நிலை. மூன்று என்றால் நடுவில்தானே என்று நினைத்துப் போய்த்தான் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள், இங்கே பனிச்சரிவில் போன உயிர்களில் ஏறத்தாழப் பாதி மூன்றாம் நிலை நாட்களில் போனவை. இந்தியாவிலும் பாதுகாப்புத்துறையின் ஆய்வு நிலையம் உத்தரகாசி மாவட்டத்துக்கு எச்சரிக்கை விடுகிறது, கேதார்கந்தா அந்த மாவட்டத்தில்தான். வழிகாட்டியிடம் அதைப் பார்த்தாரா என்று கேளுங்கள். கேட்டதற்குக் கோபிக்கிற வழிகாட்டி என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

கல்லடிக்காரன்:

நானா, அண்ணன், இரண்டு பேருக்கும் நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. கூட்டாளிக்கும் வாசிக்கக் கொடுத்தேன், ஜக்கெட் கதையை விட்டுவிட்டான். வழிகாட்டியோடுதான் போவோம், அதுவும் முடிவு.

இன்னொன்று. அந்த உயரத்தில் மூச்சு எடுக்கிறது எப்படி இருக்கும்? நாங்கள் கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆட்கள். மூன்றாமவனுக்குச் சின்ன வயதில் இழுப்பு (ஆஸ்துமா) இருந்தது, இப்போது வருஷக்கணக்கில் ஒன்றும் இல்லை. டயமொக்ஸ் என்று ஒரு குளிசை போட்டால் சரி என்று எங்கோ வாசித்தேன், அது போதுமா?

வாவிக்கரை அக்கா:

மனே, நான் தாதியாக வேலை செய்கிறேன், வெளிநாட்டில் மலைப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் நாலு வருஷம் இருந்தேன். கவனமாகக் கேளுங்க.

3,800 மீற்றரில் நீங்கள் இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைக்கிற ஒட்சிசனில் ஏறத்தாழ 63 வீதம்தான் இருக்கும். 2,500 மீற்றர் தாண்டினால் யாருக்கும் உயர நோய் வரலாம். பலசாலி, நடைக்காரன் என்று அது ஆள் பார்க்காது. உடம்பு உரம் இருக்கிறவர்கள்தான் வேகமாக ஏறி முதலில் விழுகிறார்கள், அப்படிப்பட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். தலையிடி, குமட்டல், சாப்பாடு வேண்டாமென்பது, தலைச்சுற்று, நித்திரையின்மை, இவைதான் தொடக்கம். வந்தால் ஏறக்கூடாது, அங்கேயே தங்கித் தண்ணீர் குடித்து ஓய்வு எடுங்க. குறையாவிட்டால் இறங்குங்க.

இரண்டு விஷயம் வந்தால் விடியும் வரைகூடப் பொறுக்கக்கூடாது. ஒன்று, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, அதோடு இருமல், சளியில் நுரை. மற்றது, வெறிகாரனைப்போலத் தள்ளாடுவது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது. சந்தேகம் இருந்தால் நேர்கோட்டில் குதிக்காலும் விரலும் முட்ட முட்ட நடக்கச் சொல்லிப் பாருங்க. நடக்க முடியாவிட்டால் இரவோ பகலோ உடனே கீழே கொண்டுபோக வேண்டும், துணையோடு. ஆயிரம் மீற்றர் இறங்கினாலே பெரிய மாற்றம் தெரியும்.

3,000 மீற்றருக்கு மேலே போனால் படுக்கிற இடம் ஒரு நாளைக்கு 500 மீற்றருக்கு மேல் உயரக்கூடாது என்பது பொதுவான கணக்கு. நானா சொன்ன திட்டத்தில் இரண்டாம் இரவு 2,700இலிருந்து 3,400க்குப் பாய்கிறீர்கள். அதனால் சாங்க்ரியில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் பக்கத்து மேட்டில் ஏறி இறங்குங்க. மட்டக்களப்பிலிருந்து போகிறவர்களுக்கு அந்த ஒரு நாள் பெரிய உதவி.

டயமொக்ஸ் என்பது அசெற்றசோலமைட். உடம்பு பழகுவதைக் கொஞ்சம் விரைவாக்கும், அவ்வளவுதான், போட்டுவிட்டு ஓடி ஏறலாம் என்று அர்த்தமில்லை. சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டொக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். விரல் விறுவிறுக்கும், அடிக்கடி சலம் போகும், பயப்பட வேண்டாம். உங்களாகக் கடையில் வாங்கிப் போடாமல் டொக்டரைக் கண்டு எழுதி எடுங்க. இழுப்பு இருந்த பிள்ளையும் போகுமுதல் காட்ட வேண்டும், இன்ஹேலர் கொண்டுபோக வேண்டும், அதைச் சட்டைக்குள் உடம்போடு வைக்க வேண்டும், குளிரில் கிடந்தால் சரியாக வேலை செய்யாது. குளிர்ந்த காய்ந்த காற்று இழுப்பைக் கிளப்பும், மூக்கையும் வாயையும் துணியால் மூடி மூச்சு எடுக்கச் சொல்லுங்க. மேலே நித்திரைக் குளிசையும் சாராயமும் கூடவே கூடாது.

விரல் நுனி, காது, மூக்கு வெள்ளையாகி மரத்தால் தேய்க்காதீங்க, பனியால் தேய்க்கச் சொல்லுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், அது தோலைக் கிழிக்கும். கையைக் கக்கத்துக்குள் வைத்துச் சூடாக்குங்க. நடுங்கிக்கொண்டிருந்த ஆள் நடுக்கம் நின்று சோர்ந்து பேசாமல் இருந்தால் தேறிவிட்டான் என்று நினைக்க வேண்டாம். உடம்புச் சூடு இன்னும் இறங்கிவிட்டது. ஈரத்தைக் கழற்றி, படுக்கும் பைக்குள் போட்டு, விழுங்கக்கூடிய நிலை என்றால் இனிப்பாகச் சூடாக எதையாவது கொடுங்க.

கடைசியாக ஒன்று, இதை மூன்று பேரும் மனப்பாடம் பண்ணுங்க. அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ கரிச்சட்டி, அடுப்பு வைத்துக் கதவைச் சாத்திப் படுக்காதீங்க. குளிருக்கு இதமாகத்தான் இருக்கும். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரையிலேயே போய்விடுவீர்கள்.

ஏறாவூர் நடைப்பயணி:

எல்லோரும் எப்படிப் போவது என்று சொல்கிறீர்கள், எப்போது போவது என்பதையும் யோசிக்கலாமே தம்பி. மார்கழியில் இங்கே நமக்கு வாடைக்காற்று மழையைக் கொட்டும். அங்கே குளிர்கால மழையும் பனியும் வருவது மத்தியதரைக்கடல் பக்கத்திலிருந்து மேற்கே கிளம்பி வருகிற குழப்பங்களால், ஒன்று வந்தால் இரண்டு மூன்று நாள் கொட்டிவிட்டுப் போகும், பிறகு தெளியும். மார்கழிக் கடைசியில் சில வருஷம் நல்ல பனி இருக்கும், சில வருஷம் கீழ்ப்பாதை வெறும் சேறு. அதோடு அந்தச் சனக்கூட்டமும் மிதிபட்ட ஐஸும். பங்குனி (மார்ச்) முதல் கிழமையில் போனால் மேலே பனி இன்னும் இருக்கும், பகல் நீளம், இரவுக் குளிர் கொஞ்சம் குறைவு, ஆட்களும் குறைவு. முதல் முறை பனி காண்கிறவர்களுக்கு அதுதான் நல்லது என்பது என் எண்ணம். திரும்பும் விமானத்துக்கும் மலையிறங்கும் நாளுக்கும் இடையில் இரண்டு நாளாவது விடுங்கள், பனி கொட்டினால் சாங்க்ரி வீதியே மூடுப்பட்டுவிடும்.

மருதமுனையான்:

பங்குனி நல்ல யோசனை. ஒரே ஒரு கவனம், பகல் வெயில் கூடுவதால் பனி பத்து, பதினொரு மணிக்கே குழையத் தொடங்கும். உச்சியிலிருந்து இன்னும் வெள்ளென இறங்க வேண்டும்.

கல்லடிக்காரன்:

மூன்று பேரும் நேற்று இரவு கடற்கரையில் இருந்து கதைத்தோம். மார்கழியை விட்டுவிட்டோம். பங்குனி 2ஆம் திகதி சாங்க்ரியில் இருக்கிற மாதிரிப் போகிறோம், அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறோம், திரும்புகிற பக்கம் இரண்டு நாள் விடுகிறோம். லீவு எடுக்கத்தான் ஒருத்தனுக்குக் கொஞ்சம் கஷ்டம், பார்த்துக்கொள்வான். இழுப்பு இருந்தவனைத் திங்கட்கிழமை டொக்டரிடம் கூட்டிப் போகிறேன், நானும் கூடவே கேட்டு எழுதி எடுக்கிறேன். அக்கா எழுதியதை அம்மாவுக்கு முழுக்க வாசித்துக் காட்டினேன். கரிச்சட்டி விஷயத்தை அவ இரண்டு தரம் திருப்பிக் கேட்டா.

தை மாதம் சிவனொளிபாதமலை ஏறப்போகிறோம், புதுச் சப்பாத்தோடும் மலைக்குக் கொண்டுபோகிற பாரத்தோடும். நல்லதண்ணிப் பக்கத்தால்தான் ஏறுவோம். மருதமுனையான் நானா, உங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் சாங்க்ரி ஊர்க்காரரா? இன்னும் போகிறார் என்றால் எப்படித் தொடர்புகொள்வது என்று எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள்.